ஜெனித் பேரில் பதினான்கு சிலிண்டர்

ஜெனித்தைத் தேடி அந்த ஆள் முதல்முறை வந்தது மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். சூசை மேரி கடைக்குள் தரையில் உட்கார்ந்து ஒரு பழைய ஏசியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஜெனித் சார் இருக்காருங்களா?"

"வேலையா வெளிய போயிருக்காருங்க," என்றாள் நிமிராமலே.

இரண்டு வருஷமாக இந்தப் பொய்யைச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. ஆரோக்கிய ஜெனித் அவள் புருஷன். பைபாஸில் லாரி மோதி அவன் செத்தது திண்டிவனத்தில் அவளைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். அவன் பேரைச் சொல்லிக் கேட்டு வருகிறவர்கள் பழைய விசிட்டிங் கார்டைப் பார்த்து வரும் வெளியூர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் வந்ததும் வராததுமாக ஏசி ஓடவில்லை, ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்று ஆரம்பிப்பார்கள். இந்த ஆள் அப்படி எதுவும் சொல்லவில்லை. வாசல்படியிலேயே நின்றபடி கடையின் மூலையைப் பார்த்தான். அங்கே இரண்டு கேஸ் சிலிண்டர்கள் இருந்தன.

"எப்ப வருவாருங்க?"

"சொல்ல முடியாதுங்க. சைட்ல இருக்காரு. உங்க நம்பர் குடுங்க, வந்ததும் பேசச் சொல்றேன்."

"பரவால்லங்க. நானே வர்றேன்."

நம்பர் தராமல் போனான். நாற்பது வயசிருக்கும். ஒல்லி. மயிலம் ரோட்டுப் புழுதியில் நடந்து வந்திருந்தும் ஷூவில் அழுக்கில்லை. எங்கேயோ கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்தாள். கடை வாசலில் வண்டி நிறுத்த இடம் இருக்கும்போது எதற்குத் தள்ளி நிறுத்த வேண்டும்?

கையைத் துடைத்துக்கொண்டு சின்னப்பராஜுக்குப் போன் போட்டாள்.

சின்னப்பராஜ் மாவட்டக் குளிர்சாதன மெக்கானிக்குகள் சங்கத்தின் செயலாளர். விழுப்புரத்தில் பெரிய கடை. ஜெனித்தோடு ஐடிஐயில் படித்தவர், மகள் டயானாவுக்கு ஞானத்தகப்பன். ஜெனித் போன பிறகு அவள் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, முதல் வேலையை அனுப்பி வைத்ததே அவர்தான்.

"எந்த ஆபீசுன்னு சொன்னானா?" என்றார் போனில்.

"ஒண்ணும் சொல்லலண்ணா. மொறைச்சு மொறைச்சு சிலிண்டரைப் பாத்தான்."

ஒரு நொடி பேச்சில்லை. "மறுபடி வந்தா எதுவும் பேசாத மேரி. சங்கத்துல கேட்டுக்கங்கன்னு சொல்லிடு. நான் பாத்துக்கறேன்."

அந்த ஒரு நொடி அவளுக்கு உறுத்தியது. சின்னப்பராஜ் எதற்கும் யோசித்துப் பேசுகிற ஆள் இல்லை.

அவளுக்குப் பயம் இருந்ததற்குக் காரணம் இருந்தது. போன வருஷக் கடைசியில், இந்த மாதிரி கேஸ்களைக் கண்காணிக்கிற அரசு வாரியம் ஒரு புது விதி கொண்டுவந்தது. ஏசிக்கும் ஃபிரிட்ஜுக்கும் போடுகிற கேஸை இனி யாருக்கும் கடையில் விற்கக் கூடாது. ஐந்து நாள் பயிற்சி முடித்து, கார்டு வாங்கிய மெக்கானிக்குக்குத்தான் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு எண், வாங்குகிறவரின் கார்டு எண்ணோடு சேர்த்து அது கம்ப்யூட்டரில் ஏறும். பயிற்சி நடத்துகிற பொறுப்பை வாரியம் சங்கத்திடம் கொடுத்திருந்தது.

மேரிக்கு வேலை நன்றாகத் தெரியும். கல்யாணமான புதிதில் ஏணியைப் பிடித்துக்கொள்ளப் போனவள், பத்து வருஷத்தில் ஜெனித்தைவிடச் சுத்தமாகச் செப்புக் குழாயைப் பற்றவைக்கப் பழகிவிட்டாள். ஆனால் அவளிடம் ஐடிஐ சர்டிபிகேட் இல்லை. கடை லைசென்ஸும் ஜெனித் பேரில்தான் இருந்தது.

"உன் பேர்ல போட்டா அனுபவச் சான்று கேப்பான், அது கேப்பான் இது கேப்பான், பேஜாரு," என்றார் சின்னப்பராஜ் அப்போது. "ஜெனித்தோட சர்டிபிகேட் இருக்குல்ல. அவன் பேர்லயே போட்டுடலாம். கிளாசுக்கு நீ வா. வந்து கத்துக்க. கார்டு வந்துடும். யாரு பாக்கப் போறா?"

விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் ஐந்து நாளும் போய் உட்கார்ந்தாள். ஜெனித் என்று கூப்பிட்டால் கையைத் தூக்கினாள். முதல் நாள் சிரித்தவர்கள், குழாய் பற்றவைக்கும் டெஸ்டில் அவள் குழாயை மட்டும் தூக்கிக்காட்டி வாத்தியார் பேசியபோது சிரிக்கவில்லை. கார்டு வந்தது. அதில் ஜெனித்தின் போட்டோ. மேரி அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேஜை டிராயருக்குள் கவிழ்த்து வைத்தாள்.

அந்த ஒல்லி ஆள் வந்து போன அடுத்த வாரம் விழுப்புரத்திலிருந்து ஒரு போன் வந்தது. கிழக்கு பாண்டி ரோட்டில் ஒரு மாடி வீடு, ஏசி குளிரவில்லை, உடனே வர முடியுமா? பேசியது ஒரு பெண் குரல். மேரி பஸ்ஸைப் பிடித்துப் போனாள். கதவைத் திறந்தது அந்த ஒல்லி ஆள்.

திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. உள்ளே இரண்டு மேஜை, ஒரு இரும்பு பீரோ, அடுக்கி வைத்த ஃபைல்கள். வீடு மாதிரியே இல்லை. ஜன்னல் ஓரம் ஒரு பெண் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். போன் பேசியது இவளாக இருக்கும்.

"ஏசி எங்கங்க?" என்றாள்.

காட்டினான். வாசல் கதவைத் திறந்தே வைத்துவிட்டு மேரி வேலையை ஆரம்பித்தாள். உள்ளே இருக்கும் ஃபேன் ஓடியது, காற்று வந்தது, குளிர் இல்லை. பால்கனிக்குப் போய் வெளி யூனிட்டைப் பார்த்தாள். செப்புக் குழாய் வந்து சேரும் இடத்தில் இருக்கும் பித்தளை நட்டு தளர்ந்திருந்தது. சோப்பு நுரையைத் தடவினால் குமிழி குமிழியாக வந்தது. நட்டைத் திருகப் போனவள் கையை எடுத்துவிட்டாள். குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"சார், இந்த ஏசியை வேற யாராவது பாத்தாங்களா?"

"இல்லையே. ஏன்?"

"இது தானா லூஸ் ஆகல. யாரோ ஸ்பேனர் போட்டுத் தளத்தி விட்டிருக்காங்க. பாருங்க, பித்தளை புதுசா பளபளன்னு கீறியிருக்கு. நேத்தோ இன்னிக்கோ பண்ண வேலை இது." ஸ்பேனரைக் கையில் பிடித்தபடியே எழுந்தாள். "எதுக்கு சார் என்னைக் கூப்பிட்டீங்க?"

அவன் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினான். பூவரசன், சரிபார்ப்பு அதிகாரி, வாரியத்தின் முத்திரை.

"நான்தான் தளத்தினேன்," என்றார். "உங்களுக்கு வேலை தெரியுமான்னு பாக்கணும்னு இருந்துச்சு. மன்னிச்சுக்கங்க. உள்ள வந்து உக்காருங்க மேடம்."

மேரி உட்காரவில்லை.

"ஜெனித் எங்க?"

"மாதா கோயில் பின்னாடி இருக்குற கல்லறையில இருக்காரு," என்றாள். "உங்களுக்குத்தான் முன்னாடியே தெரிஞ்சிருக்குமே."

"தெரியும். நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன். கிளாசுக்கு நீங்கதான் போனீங்களா?"

"அஞ்சு நாளும் போனேன்."

"எத்தனை பேர் வந்தாங்க?"

"இருபத்திமூணு பேர். என்னையும் சேத்து."

"எண்ணிப் பாத்தீங்களா?"

"நான் ஒருத்திதான் சார் பொம்பளை. எத்தனை ஆம்பளைங்க என்னைப் பாக்குறாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

பூவரசன் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கேட்டார், "இந்த கார்டு வெச்சு இதுவரைக்கும் எத்தனை சிலிண்டர் எடுத்தீங்க?"

"ரெண்டு. கடையிலதான் இருக்கு. நீங்கதான் பாத்தீங்களே."

ஒரு கம்ப்யூட்டர் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். ஜெனித்தின் கார்டு எண்ணுக்கு எதிரே பதினான்கு வரிகள். ஜனவரியில் ஆறு, பிப்ரவரியில் எட்டு.

"இதுல பத்தாவது வரியைப் பாருங்க. அந்தச் சிலிண்டர்தான் போன மாசம் விக்கிரவாண்டியில ஒரு ஓட்டல் ஃபிரீசர் ரிப்பேர்ல தீப்பிடிச்சது. மெக்கானிக்குக்குக் கை வெந்துபோச்சு. சிலிண்டரை லேப்ல குடுத்துப் பாத்தோம். பாதிக்குப் பாதி அடுப்பு கேஸ் கலந்திருக்கு. அது உங்க கார்டுல எடுத்த சிலிண்டர்."

"நான் எடுக்கல."

"மெக்கானிக்கும் உங்க கடையிலதான் வாங்கினேன்னு எழுதிக் குடுத்திருக்காரு."

மேரிக்கு அந்த விபத்து தெரியும். தீயில் மாட்டியவன் முருகையன். பயிற்சியில் அவளோடு ஒரே மேஜையில் இருந்தவன். அவன்தான் சிகரெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தான், அவன் அஜாக்கிரதை என்று சங்கத்து வாட்ஸப் குரூப்பில் எல்லோரும் எழுதியிருந்தார்கள். அவளும் ஒரு வருத்தப் பொம்மை போட்டிருந்தாள்.

"பொய் சார்," என்றாள். "என் கடைக்கு அவன் வந்ததே இல்ல."

"இருக்கலாம். வியாழக்கிழமை காலையில பத்து மணிக்கு இங்க வாங்க. அசல் கார்டையும் அந்த ரெண்டு சிலிண்டரையும் கொண்டாங்க. உங்க வாக்குமூலத்தை எழுதிக்கறேன். அதுக்கப்புறம் போலீசுக்குப் போகுமா இல்லையான்னு முடிவாகும்."

படி இறங்கும்போது ஒவ்வொன்றாகச் சந்தேகம் வந்தது. இந்தத் தாளை அவரே அடித்திருக்கலாம். நட்டைத் தளர்த்தி வைத்து ஆளைக் கூப்பிடுகிறவர் தாளில் நாலு வரி கூட்டி எழுத மாட்டாரா? எதையோ எதிர்பார்த்து மிரட்டுகிறாரோ? ஆனால் அப்படிப்பட்டவர் உட்காரச் சொல்லிவிட்டு, வேறொரு நாள் வா என்று அனுப்ப மாட்டார். அன்றைக்கே பேசி முடித்திருப்பார். இன்னொன்றும் இடித்தது. கார்டின் ஜெராக்ஸை அவள் ஒரே ஒரு ஆளுக்குத்தான் கொடுத்திருந்தாள். சங்கத்து ஃபைலுக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கியவர் சின்னப்பராஜ்.

திண்டிவனம் பஸ் விக்கிரவாண்டியில் நின்றபோது இறங்கிவிட்டாள்.

முருகையனின் வீடு டோல்கேட்டிலிருந்து உள்ளே ஒரு கிலோமீட்டர். அவன் மனைவி சித்ரா வாசலில் நிலக்கடலை காயவைத்துக்கொண்டிருந்தாள். மேரியைப் பார்த்ததும் யார் என்று கேட்கக்கூட இல்லை, உள்ளே பார்த்து, "அவங்க வந்துட்டாங்க," என்றாள். எப்படியும் ஒருநாள் வருவாள் என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தது போல இருந்தது.

முருகையன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வலது கை விரல் நுனியிலிருந்து முழங்கை வரை கட்டு.

"எப்படி இருக்கு கை?"

"பரவால்லக்கா. ரெண்டு விரலு மடங்க மாட்டேங்குது."

"அந்தச் சிலிண்டரை எங்க வாங்கின முருகையா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"என் கடையிலன்னு எழுதிக் குடுத்திருக்க. என் கடை எந்தப் பக்கம் இருக்குன்னாவது தெரியுமா உனக்கு?"

"அக்கா, நான் உங்க பேரை எழுதலக்கா. சத்தியமா எழுதல. ஜெனித் கடைன்னுதான் எழுதினேன்."

"ரெண்டும் ஒண்ணுதானடா."

"செயலாளர்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. சிலிண்டர் நம்பரை வெச்சுக் கண்டுபிடிச்சிடுவாங்க, அது ஜெனித் கார்டுல இருக்கு, அப்படியே சொல்லிடுன்னாரு. செத்தவன் பேருதானே, யாருக்கு என்னா ஆவப் போவுதுன்னாரு. அவர் கடையிலதான் வாங்கினேன், என் கார்டுல ஏத்தாம விலை கம்மியா குடுத்தாரு. அவர் பேரைச் சொன்னா சங்கத்துல இருந்து தூக்கிடுவாங்க, அப்புறம் கார்டு போயிடும். நான் எப்படிக்கா பொழைக்கறது?"

வாசலில் இருந்து சித்ரா சொன்னாள், "அந்தக் கையை வெச்சுக்கினு இப்ப மட்டும் என்னா பொழைக்கப் போற நீ?"

மேரி எழுந்தாள். அவனைத் திட்டத்தான் வந்தாள். கட்டைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை. "வியாழக்கிழமை நான் ஆபீசுக்குப் போறேன். உண்மையைச் சொல்லத்தான் போறேன். நீ வந்தா வா," என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாள் காலையில் சின்னப்பராஜ் கார் வந்து கடை வாசலில் நின்றது. வழக்கமாக வரும்போது டயானாவுக்கு எதையாவது வாங்கி வருவார். அன்றைக்கும் ஒரு பை நிறைய ஆப்பிள் இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பூவரசன்னு ஒருத்தன் கூப்பிட்டானாமே. என்னாண்ட ஏன் சொல்லல?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்ணா?"

"எனக்குத் தெரியாம இந்த மாவட்டத்துல என்னா நடக்கும்?" சிரித்தார். "அவன் வாரியத்து ஆளுன்னு நீ நம்பினியா? பெரிய கம்பெனிக்காரனுங்க பேச்சைக் கேட்டு ஆடுறவன். நம்மள மாதிரி சின்னக் கடைங்களை மூடினாத்தான் அவனுங்க சர்வீஸ் சென்டர் ஓடும். அதுக்குத்தான் இந்தக் கார்டு, நம்பரு எல்லாம். நாம ஒத்துமையா நின்னா ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் சொன்னதில் கொஞ்சம் நிஜமும் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. விதி வந்த நாளிலிருந்து சின்னக் கடைக்காரர்கள் படுகிற பாட்டை அவளே பார்த்திருக்கிறாள்.

"என் கார்டுல பதினாலு சிலிண்டர் எடுத்திருக்குன்னு சொல்றாங்கண்ணா."

"ஆமா, எடுத்தேன்." அவர் தயங்கவேயில்லை. "சங்கத்துக்குப் பொதுவா எடுத்தேன். மயிலம் பக்கம், மண்டகப்பட்டு பக்கம் கார்டு வாங்க முடியாத பசங்க எத்தனை பேர் இருக்கானுங்க? அவனுங்களுக்கு யாரு கேஸ் குடுப்பா? உனக்கு நான் உதவி பண்ணலையா? அதே மாதிரிதான்."

"அதுல அடுப்பு கேஸ் எப்படிண்ணா கலந்துச்சு?"

சின்னப்பராஜ் ஆப்பிள் பையை மேஜையின் நடுவில் இருந்து ஓரத்துக்கு நகர்த்தினார். "லேப்ல எவன் எதை வேணா எழுதுவான். நீ இதெல்லாம் யோசிக்காத. வியாழக்கிழமை போ. பதினாலும் நான்தான் எடுத்தேன், ஒண்ணை முருகையனுக்குக் குடுத்தேன், மத்ததை வேலைக்குப் போட்டேன்னு சொல்லு. அந்தத் தீ, முருகையனோட அஜாக்கிரதை. அதோட முடிஞ்சுது. ஒரு எச்சரிக்கை குடுத்து அனுப்பிடுவான், மத்ததை நான் சென்னையில பேசிக்கறேன்."

"நான் எடுக்கலன்னு சொன்னா?"

"சொல்லேன்." குரல் மாறவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "செத்தவன் பேர்ல கார்டு வாங்கினது யாரு? அவன் பேரைக் கூப்பிட்டப்ப கையைத் தூக்கினது யாரு? அஞ்சு நாள் கையெழுத்துப் போட்டது யாரு? முதல்ல உள்ள போறது நீதான் மேரி. டயானா பிளஸ் டூ படிக்குது. யோசிச்சுக்க."

அவர் போன பிறகு மேரி நெடுநேரம் எந்த வேலையும் செய்யவில்லை. ஜெனித்தின் சவப்பெட்டியைத் தூக்கிய நான்கு பேரில் இவரும் ஒருவர். அன்றைக்கு அவர் அழுத அழுகை பொய்யில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவர் செய்த உதவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். முதலில் அனுப்பிய வேலை. பயிற்சிக்குச் சேர்த்துவிட்டது. கார்டு. இதில் எது ஜெனித்துக்காகச் செய்தது, எது பதினான்கு சிலிண்டருக்காகச் செய்தது? பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மதியத்துக்கு மேல் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த வேலைக் காலண்டரை இறக்கினாள். எந்தத் தேதியில் எந்த வீடு என்று அவள் அதில் பென்சிலால் எழுதி வைப்பது வழக்கம். பூவரசன் காட்டிய தாளில் சில தேதிகள் ஞாபகம் இருந்தன. ஜனவரி இருபத்திரண்டாம் தேதி விழுப்புரத்தில் நான்கு சிலிண்டர் எடுத்ததாக இருந்தது. அன்றைக்கு அவள் காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை மயிலத்தில் ஒரு கல்லூரி விடுதியில் ஏசி மாட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே போகவும் வெளியே வரவும் வாட்ச்மேன் நோட்டில் கையெழுத்து வாங்கியிருந்தான். சூசை மேரி என்று. மோப்பெட்டை எடுத்துக்கொண்டு அப்போதே மயிலம் போனாள். வார்டனிடம் விஷயத்தை மறைக்காமல் சொல்லி, அந்தப் பக்கத்தைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை ஆட்டோவில் இரண்டு சிலிண்டரையும் ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போனபோது பத்து அடிக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. மாடிப்படியில் சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். இவர்கள் எதற்கு வந்தார்கள், யார் சொல்லி வந்தார்கள் என்று தெரியவில்லை. யாரும் வணக்கம் சொல்லவில்லை. ஒருவன் போனை எடுத்து அவளைப் போட்டோ எடுத்தான்.

பூவரசன் எதிரே உட்கார்ந்து முதலில் கார்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இது தப்பா வாங்கின கார்டு சார். என் புருஷன் பேர்ல நான் கையெழுத்துப் போட்டேன். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. ஆனா நான் எடுத்தது ரெண்டு சிலிண்டர்தான். மத்த பன்னிரண்டுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல."

"யார் எடுத்தாங்க?"

வெளியே படியில் நிற்கிறவர்களுக்குக் கேட்கும் என்று தெரிந்தே சொன்னாள். "சங்கச் செயலாளர் சின்னப்பராஜ். அவரே என் கடைக்கு வந்து, நான்தான் எடுத்தேன்னு சொன்னாரு."

"அதுக்கு ஆதாரம்?"

"அவர் சொன்னதுக்கு ஆதாரம் இல்ல. நான் எடுக்கலங்கறதுக்கு இருக்கு." போட்டோவைக் காட்டினாள். "இதையும் நம்ப வேணாம். நீங்களே மயிலம் போய் அந்த நோட்டைப் பாருங்க."

பூவரசன் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். இரண்டு சிலிண்டரின் எண்களையும் தானே குனிந்து படித்து எழுதிக்கொண்டார். ஒரு கருவியை மாட்டி உள்ளே இருக்கும் கேஸையும் சோதித்தார். இரண்டும் சுத்தமாக இருந்தன. அப்போதும் அவர் முகம் இளகவில்லை. "கார்டு இங்கயே இருக்கட்டும். நான் கூப்பிடற வரைக்கும் நீங்க கேஸ் வேலை எதுவும் செய்யக் கூடாது," என்றார்.

ஒரு நன்றிகூட இல்லாமல் அனுப்பினார். படியில் இறங்கும்போது யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது: "கூட இருந்தே கழுத்தறுத்துட்டா."

அதற்கப்புறம் பன்னிரண்டு நாள் எந்தத் தகவலும் இல்லை. சங்கத்து குரூப்பில் இருந்து அவளை நீக்கிவிட்டார்கள். வழக்கமாக வேலை கொடுக்கும் இரண்டு லாட்ஜ்காரர்கள் போன் எடுக்கவில்லை. கோயிலில் பூசை முடிந்து வரும்போது சின்னப்பராஜின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். மேரி டயானாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்ப அப்பா செத்தப்ப அவர் அழுதது?"

பதிமூன்றாம் நாள் சித்ராதான் போன் செய்தாள். முருகையன் விழுப்புரம் போய், முதலில் எழுதிக் கொடுத்ததை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். எழுத முடியாத கையை வைத்துக்கொண்டு, அவன் சொல்லச் சொல்ல அந்த டைப் அடிக்கிற பெண் அடித்தாளாம். அன்றைக்கு மாலையே வாரியத்து ஆட்கள் போலீசோடு போய் சின்னப்பராஜின் குடோனைத் திறந்தார்கள். அடுப்பு கேஸ் சிலிண்டர்கள், காலி குளிர்பதன சிலிண்டர்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஒரு குழாய், ஒரு தராசு. மேஜை டிராயரில் பதினாறு கார்டுகளின் ஜெராக்ஸ். பயிற்சி முடித்ததாகச் சங்கம் வாரியத்துக்கு அனுப்பிய பட்டியலில் முப்பத்தெட்டு பேர் இருந்தார்கள். வந்தது இருபத்திமூன்று. மீதிப் பதினைந்து பேரில் சிலர் துபாயில் இருந்தார்கள், ஒருவர் பல் வைத்தியர், மூன்று பேர் யார் என்றே தெரியவில்லை. பதினாறாவது ஜெராக்ஸ் ஜெனித்துடையது.

மயிலம் பக்கத்துப் பசங்களுக்கு அவர் கேஸ் கொடுத்ததும் நிஜம்தான். பதினோரு பேர் வந்து சொன்னார்கள். அவர் இல்லையென்றால் நாங்கள் கடையை மூடியிருப்போம் என்றார்கள். கொடுத்தது எல்லாமே கலப்படம் என்று தெரிந்ததும் பாதிப்பேர் பேச்சை நிறுத்தினார்கள். மீதிப்பேர் வாரியம் பொய் சொல்கிறது என்றார்கள். சின்னப்பராஜ் ஒரு மாதத்தில் ஜாமீனில் வந்தார். வழக்கு நடக்கிறது. கடையை இப்போது மச்சான் பேரில் திறந்திருக்கிறார்.

மேரியின் கார்டு ரத்தானது. ஆள்மாறாட்டத்துக்கு அபராதமும் எச்சரிக்கையும் எழுத்தில் வந்தன. சொந்தப் பேரில் விண்ணப்பித்தாள். அனுபவச் சான்றில் சங்கத்தின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். புதுச் செயலாளர் மூன்று முறை நாளைக்கு வா, நாளைக்கு வா என்றார். நான்காவது முறை அவள் போகவில்லை. பூவரசனுக்கு ஒரு மனு எழுதினாள்: சங்கம் எனக்குச் சான்று தராது, காரணம் உங்களுக்கே தெரியும், நான் வேலை செய்து கொடுத்த வீட்டுக்காரர்களும் ஆஸ்பத்திரிக்காரர்களும் தரும் கடிதத்தை ஏற்றுக்கொள்ள முடியுமா? பத்து நாளில் பதில் வந்தது. ஏற்கலாம். குறைந்தது எட்டு கடிதம். அவள் பத்தொன்பது கொடுத்தாள். அதில் ஒன்று, தீப்பிடித்த அந்த விக்கிரவாண்டி ஓட்டல்காரருடையது; அவர் ஓட்டல் ஏசியை அவள் முன்பு ஒருமுறை சரிசெய்து கொடுத்திருந்தாள்.

ஆகஸ்டில் விழுப்புரம் ஆபீசிலேயே நேரடித் தேர்வு வைத்தார்கள். தேர்வாளருக்குப் பக்கத்தில் பூவரசனும் நின்று, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்து வெளியே வரும்போது தண்ணீர் டிரம் பக்கத்தில் அவரே வந்து பேசினார்.

"அன்னைக்கு நீங்களும் அவரும் சேந்து செய்யறீங்கன்னுதான் நான் நினைச்சேன் மேடம். மயிலம் போய் நோட்டைப் பாத்த அப்புறமும் முழுசா சந்தேகம் போகல."

"இப்ப?"

"இப்ப இல்ல."

"எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கு சார்," என்றாள் மேரி. "நான் உங்க ஆபீசுக்கு வந்துட்டுப் போன விஷயம் மறுநாளே அவருக்கு எப்படித் தெரிஞ்சுது? அங்க இருந்தது நீங்க, நான், டைப் அடிக்கிற அந்தப் பொண்ணு. முருகையன் வீட்ல இருந்தும் யாரும் சொல்லல, நான் கேட்டுட்டேன்."

பூவரசன் டம்ளரை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். திரும்பி ஆபீசுக்குள் போனார். போகிற வேகத்தைப் பார்த்தால், அந்தக் கேள்வியை அவர் இதுவரை தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை போலத் தெரிந்தது. இரண்டு வாரம் கழித்து மேரி அந்த ஆபீசுக்குப் போன் செய்தபோது எடுத்தது அந்தப் பெண் இல்லை, வேறொரு குரல்.

புதுக் கார்டு செப்டம்பர் முதல் வாரம் தபாலில் வந்தது. சூசை மேரி என்ற பேர், அவள் போட்டோ. அன்றைக்கே திண்டிவனத்தில் ஒரு கேஸ் கடைக்குப் போனாள். கடைக்காரர் கார்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு சிலிண்டரை எடுத்து வைத்தார்.

"தராசுல ஒருதரம் வெச்சுடுங்க," என்றாள்.

"சீல் இருக்குதுங்களே."

"இருக்கட்டும். வெச்சுடுங்க."

எடை சரியாக இருந்தது. சீலைத் தன் கண்ணாலும் பார்த்து, எண்ணைப் பில்லோடு ஒப்பிட்டாள். பிறகு பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்தாள். வேலையில்லாமல் இருந்த மாதங்களில் நகையை அடகு வைத்து வாங்கியது. அங்கேயே மாட்டி உள்ளே இருக்கும் கேஸைச் சோதித்தாள். கடைக்காரர் முகம் சுருங்கியது. பின்னால் நின்றிருந்த இரண்டு மெக்கானிக்குகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கருவி பச்சை விளக்கு காட்டும் வரை அவள் யாரையும் பார்க்கவில்லை.

"என்னங்க, நம்ம கடை மேலயே சந்தேகமா?" என்றார் கடைக்காரர்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணா," என்றபடி கருவியைத் துடைத்துப் பையில் போட்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற மெக்கானிக்குகளில் ஒருவன், இளவட்டம், தன் சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டுத் தயங்கினான்.

"அக்கா, என்னுதையும் ஒருதரம் பாத்துடறீங்களா?"

மேரி கருவியை மறுபடி வெளியே எடுத்தாள்.